போலீஸ் நிறுத்தினால், கூப்பிட்டால், பிடித்தால்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன குறுவை அறுவடையின்போது என் சித்தப்பாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு வயது 63. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழைக்குப் பயந்து நாலு ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர். அந்த நாட்களில் பக்கத்து வயல்களில் மோட்டார் கொட்டகையை உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். "ராத்திரி யாரையாவது பார்த்தீங்களான்னு கேக்கணும் பெரியவரே. சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போங்க" என்றார் ஏட்டு.

காலை ஏழரைக்குப் போனவர் இரவு ஒன்பதுக்குத் திரும்பினார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. செல்போனை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, மர பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சர்க்கரை மாத்திரை வீட்டில் கிடந்தது. சித்தி மத்தியானம் மாத்திரையும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். "ஐயா வரட்டும்மா" என்ற பதிலோடு வேப்ப மரத்தடியில் இரண்டு மணி நேரம். கடைசியில் அவரிடம் கேள்வி கேட்டது பத்து நிமிடம்.

அந்த வயதுக்காரரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்கவே சட்டத்தில் இடமில்லை. எங்கள் வீட்டில் படித்தவர்கள் நாலு பேர் இருக்கிறோம், ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. அதற்குப் பிறகு கும்பகோணம் கோர்ட்டில் இருக்கும் வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து, சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துக் குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. கீழே வெறுமனே பிரிவு எண் போட்டிருந்தால் அது இந்தப் புதுச் சட்டத்தின் எண்.

முதல் படி: மூன்றில் எது என்று கேளுங்கள்

நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "விசாரணை" என்ற ஒரே சொல்தான். ரோட்டில் வண்டியை ஓரம்கட்டச் சொன்னாலும் விசாரணை, ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாலும் விசாரணை, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாலும் விசாரணை. சட்டத்துக்கு இவை மூன்றும் வேறு வேறு. வழியில் நிறுத்துவது ஒன்று. சாட்சியாகவோ சந்தேக நபராகவோ அழைப்பது இன்னொன்று. கைது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் போலீசுக்கு இருக்கும் அதிகாரம் வேறு, உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு வேறு. எதில் இருக்கிறோம் என்று தெரியாத வரைக்கும் எந்த உரிமையைக் கேட்பது என்றே தெரியாது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "சார், நான் கிளம்பலாமா? இல்ல என்னைக் கைது பண்றீங்களா?" குரலை உயர்த்தாமல், கையை ஆட்டாமல் கேளுங்கள். கிளம்பலாம் என்றால் கிளம்புங்கள். கைது என்றால் ஐந்தாம் படிக்குப் போங்கள். "கைது எல்லாம் இல்ல, சும்மா இரு" என்று பதில் வந்தால் அந்த நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள், பஸ் டிக்கெட்டின் பின்பக்கமானாலும் சரி. பின்னால் வரும் 24 மணி நேரக் கணக்கெல்லாம் இந்த நிமிடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கைது என்று வாயால் சொல்லாவிட்டாலும், உங்களால் எழுந்து போக முடியாத நிலை இருந்தால் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்று வாதாட இடம் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். போலீஸ் தரும் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 172-ஆம் பிரிவு சொல்கிறது. தள்ளுமுள்ளு ஆனால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகத் தனி வழக்கு வந்து சேரும். உரிமையை வாயால் கேளுங்கள், உடம்பால் மறிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ரோட்டில் நிறுத்தினால்

வண்டியை ஓரம்கட்டி, என்ஜினை அணைத்து, பெயரும் ஊரும் சொல்லுங்கள். பெயர் சொல்வதில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிறு குற்றம் ஒன்றில் சந்தேகப்பட்டு, நீங்கள் பெயர் விலாசம் சொல்ல மறுத்தால், அதை உறுதிப்படுத்துவதற்காகவே பிடித்து வைக்க 39-ஆம் பிரிவு இடம் தருகிறது.

லைசென்ஸ் கேட்க மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி சீருடையில் இருக்கும் எந்தக் காவலருக்கும் அதிகாரம் உண்டு. சீருடை இல்லாமல் வந்து கேட்டால் அடையாள அட்டையைப் பார்க்கக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும், அட்டைதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆம் பிரிவின்படி அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அபராதம் என்றால் சலான். சலான் இல்லாமல் கொடுக்கும் ஒரு ரூபாயும் அபராதம் ஆகாது. பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாத வண்டியைப் பிடித்து வைக்க அந்தச் சட்டத்தின் 207-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஓடும் பைக்கிலிருந்து சாவியைப் பிடுங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. குடித்திருக்கிறாயா என்று ஊதச் சொன்னால் ஊதித்தான் ஆக வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். கருவி காட்டும் எண்ணை நீங்களும் பாருங்கள்.

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வழியாகவோ, பொறையாறு பக்கத்திலோ காரைக்கால் எல்லையிலிருந்து வருபவர்களுக்குச் சோதனைச் சாவடி புதிதல்ல. அங்கே பையையும் டிக்கியையும் திறந்து பார்க்க 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. திறந்து காட்டுங்கள். ஆனால் நீங்களே திறந்து, நீங்களே பொருளை எடுத்துக் காட்டுவது நல்லது. எதையாவது பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்; அந்த மகஜரின் நகல் உங்களுக்கு உண்டு. சோதனையையும் பறிமுதலையும் வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. "வீடியோ எடுக்கிறீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே போதும், பல விஷயங்கள் ஒழுங்காக நடக்கும். பெண்களின் உடலை, உடைமையோடு சேர்த்துத் தடவிச் சோதிப்பது பெண் காவலரின் வேலை மட்டும்தான், அதுவும் கண்ணியத்தோடு.

கொள்ளிடக் கரையில் மணல் வண்டி ஓட்டுகிற பையன்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பெர்மிட்டின் நகல் ஓனரிடம் இருக்கிறது என்பது ரோட்டில் பதில் ஆகாது. பிடிபடுவது ஓட்டுநர்தான். சீட்டு உங்கள் கையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம் செல்போன். வழியில் நிறுத்தி, "போனைத் திற, வாட்ஸ்அப்பைக் காட்டு" என்று கேட்கும் வழக்கம் வந்திருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியாகிவிட்டது. வழக்கு விசாரணைக்குப் போன் தேவை என்றால் 94-ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் கேட்க வழி இருக்கிறது. "எழுதிக் குடுங்க சார், குடுத்துடறேன்" என்று சொல்லலாம்.

மூன்றாம் படி: ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்

சித்தப்பா மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விவரம் தெரிந்தவர் என்ற முறையில் ஒருவரை அழைக்க 179-ஆம் பிரிவு இருக்கிறது. அதில் முதல் சொல்லே, எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும் என்பது. போனில் கூப்பிடுவது, டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்புவது, தலையாரியிடம் தகவல் சொல்வது எல்லாம் அந்த உத்தரவு ஆகாது. 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கேயும் வரச் சொல்லக் கூடாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். அவர்களாக விரும்பி வந்தால் மட்டும் ஸ்டேஷனில் விசாரிக்கலாம். பழைய சட்டத்தில் 65 என்று இருந்த வயது புதுச் சட்டத்தில் 60 ஆகியிருக்கிறது. நிறையப் பேருக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

பெண் என்றால் வயதே பார்க்க வேண்டாம் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணவனைத் தேடி வந்து, அவர் கிடைக்கவில்லை என்று மனைவியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. 1992-ல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் உயிரிழந்ததும், அவர் மனைவிக்கு அங்கே நடந்த கொடுமையும் கொள்ளிடத்துக்கு இரு கரையிலும் இன்னும் பேசப்படுகிறது. இந்தப் பாதுகாப்பு எதற்காக எழுதப்பட்டது என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சித்தப்பாவைச் சம்பா நடவு சமயத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை சித்தியே வாசலில் நின்று, "அவருக்கு அறுபது தாண்டிடுச்சுங்க, 179-ன்படி வீட்டுக்கு வந்து கேட்டுக்கச் சொல்லுங்க, நாங்க எங்கேயும் போகல" என்றார். ஏட்டு ஒரு நிமிடம் பார்த்தார். மறுநாள் எஸ்.ஐ.யோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் எழுதி முடித்துக்கொண்டு போனார். நல்ல மனிதர்கள்தான். முதல் தடவை நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை.

சாட்சி இல்லை, உங்கள் மேலேயே சந்தேகம் என்றால் வருவது 35(3) நோட்டீஸ். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் தந்து விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. இந்த நோட்டீஸ் கைக்கு வந்தால் கண்டிப்பாகப் போங்கள், வக்கீலைக் கலந்துகொண்டு போங்கள். சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைக்கிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். போகாமல் விட்டால் அதுவே கைதுக்குக் காரணம் ஆகிவிடும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வீடியோ காலில் வந்து, காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் கேட்டால் அது திருட்டுக் கும்பல். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: உள்ளே உட்கார்ந்து பேசும்போது

உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் பதிலைச் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 20(3) அதைத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு கோர்ட்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. "இதுக்கு வக்கீலைக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன் சார்" என்பது போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள்.

கையெழுத்து விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விசாரணையில் நீங்கள் சொல்லி போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கவே கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்பார்கள், அந்த நேரத்தில் வீடுதான் கண்ணில் தெரியும், எனக்கும் புரிகிறது. அப்படியும் போட வேண்டி வந்தால், தாளின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு, தேதியும் நேரமும் எழுதிப் போடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களும் உண்டு: நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கு, கைதுக் குறிப்புக்கு, பறிமுதல் மகஜருக்கு. படித்துப் பார்த்துவிட்டு, நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போடுங்கள்.

போலீசிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து யாருக்கும் தண்டனை தர முடியாது. ஆனால் அதில் நீங்கள் சொன்னதை வைத்துக் கண்டெடுத்த பொருள் சாட்சியமாக நிற்கும். அதனால் "சொன்னா என்ன, கோர்ட்ல செல்லாது" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பி வாயைத் திறக்காதீர்கள்.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் லாக்கப்பில் வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். வயதைக் காட்டப் பள்ளிச் சான்றை எடுத்துக்கொண்டு ஓடுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கைது என்று ஆகிவிட்டால்

கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கைதானவரும் போட வேண்டும். இவை 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். இப்போது 36-ஆம் பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கின்றன. நீங்கள் சொல்லும் ஒரு ஆளுக்குத் தகவல் தர வேண்டும். அதற்காகவே ஒரு போன் நம்பரையாவது மனப்பாடம் செய்து வையுங்கள், செல்போன் அவர்கள் கையில் இருக்கும்போது உள்ளே சேமித்த நம்பர் உதவாது.

எதற்காகக் கைது என்பதை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாவிட்டாலும் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழில் கேளுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும், ஸ்டேஷன் ஜாமீன் உங்கள் உரிமை.

பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் விடியும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி வர வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். 60 தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி தேவை.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு. நம் டெல்டாவில் எந்த ஸ்டேஷனிலிருந்தும் கோர்ட் ரொம்ப தூரம் இல்லை. பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று அடுத்தடுத்து இருக்கின்றன, பயணத்தைச் சொல்லி ஒரு நாளை ஓட்ட முடியாது. ஞாயிறும் பொங்கல் லீவும் கணக்கில் சேரும், லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கொண்டுபோவார்கள்.

அதற்கு முன் டாக்டர் பார்ப்பார். அடி பட்டிருந்தால் அங்கேயே, போலீஸ் பக்கத்தில் நின்றாலும், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். டாக்டர் எழுதும் சீட்டின் நகல் உங்களுக்கு உண்டு. மாஜிஸ்திரேட் "ஏதாவது சொல்லணுமா" என்று கேட்கும் அந்த அரை நிமிடம் ரொம்பப் பெரியது. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே வலிக்கிறது, வக்கீல் இருக்கிறாரா இல்லையா என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். வக்கீல் இல்லை என்றால் அரசு செலவில் தர வேண்டும்.

போராட்டத்தில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விடுவது நமக்குப் பழக்கமானது. கதிராமங்கலத்தில் 2017-ல் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக நின்றவர்களைச் சிறைக்கே அனுப்பினார்கள். மண்டபத்தில் வைப்பதும் 170-ஆம் பிரிவின் முன்னெச்சரிக்கைக் கைதுதான், அதுவும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அங்கே எழுதும் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன பிரிவு போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஆறாம் படி: வெளியே நிற்கும் குடும்பம் செய்ய வேண்டியது

உள்ளே இருப்பவரைவிட வெளியே நிற்பவருக்குத்தான் வேலை அதிகம். ஸ்டேஷனில் "இங்க இல்ல" என்றால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத்திலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. 112-க்குக் கூப்பிட்டால் அந்த அழைப்பு பதிவாகும். பின்னால் நேரத்தை நிரூபிக்க அது உதவும். எஸ்.பி. அலுவலகத்துக்கு இ-மெயிலோ தந்தி போலச் சுருக்கமான ஒரு புகாரோ அனுப்பி, பிடித்த நேரம், வண்டி நம்பர், அழைத்துப் போனவர் பெயரை எழுதிவிடுங்கள்.

இலவச வக்கீலுக்கு 15100. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் அதன் வட்டக் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கே கிடையாது.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு. இதில் நம் பகுதிக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. தஞ்சாவூர், திருச்சி மாவட்டம் என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. கும்பகோணத்துக்காரர் மதுரைக்கு, பத்து மைல் தள்ளிக் குடவாசல்காரர் சென்னைக்கு. ராத்திரியில் தப்பான ஊருக்கு வண்டி பிடித்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: நடந்தது தப்பு என்றால்

முதலில் சி.சி.டி.வி. பதிவு. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் இறந்த வழக்கில், ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவு தினமும் அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். ஆகவே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மறுநாளே எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போடுங்கள். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் பத்திரப்படுத்துங்கள்.

அடி பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். உங்கள் புகாரை ஸ்டேஷனில் வாங்காவிட்டால் 173(4)-ன்படி எஸ்.பி.க்கு, அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்டுக்குப் போகலாம். வாங்கினால், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ இலவசமாகக் கையில் தர வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நாலு மாவட்டத்துக்கும் மேலதிகாரி தஞ்சாவூர் சரக டி.ஐ.ஜி.; அவருக்கும் ஒரு நகல் போடுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலே போதும், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டு, தாளடி கதிர் முற்றும்போது எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு வருடம் போயிருக்கும்.